மேட்டில் மட்டும் நொண்டும் வண்டி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரை விட்டு 290ஆம் எண் சாலையில் மேற்கே போனால் கொஞ்ச தூரத்திலேயே தரை ஏறி இறங்க ஆரம்பிக்கும். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பகுதியை 'மலைநாடு' என்கிறார்கள். ஏற்காடு ஏறியவர்களுக்கு அது மலையாகவே தோன்றாது. நீளமான, சோம்பலான மேடுகள், அவ்வளவுதான். என் பழைய பிக்கப் வண்டியின் நோய் அந்த மேடுகளில்தான் வெளியே வந்தது.

வண்டி 1999ஆம் வருடத்து மாடல். பெட்ரோல், எட்டு சிலிண்டர், ஓடியது 1,80,000 மைல். வீட்டு வாசலில் ஐடிலிங்கில் விட்டால் டாஷ்போர்டு மேல் வைத்த காபி அசையாது. சமதளத்தில் 70 மைல் வேகத்தில் போனாலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் 45 மைல் வேகத்தில், டாப் கியரில், ஒரு மேட்டில் மெதுவாக ஏறும்போது மட்டும் யாரோ பின் பம்பரைப் பிடித்து விட்டுவிட்டு இழுப்பதுபோல் ஜெர்க் அடிக்கும். கியர் லீவரின் நுனியில் உள்ள பொத்தானை அழுத்தி ஒரு கியர் இறக்கினால் சட்டென்று நின்றுவிடும். மறுபடி டாப் கியர் போட்டால் மறுபடி ஜெர்க்.

கியர்பாக்ஸ் பட்டறை ஒன்றில் காட்டினேன். "கியர் மாற்றினால் நிற்கிறது, அப்படியானால் கோளாறு கியர்பாக்ஸில்தான்" என்றார்கள். வண்டியின் மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒரு தொகையையும் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: கியரை இறக்கும்போது கியர்பாக்ஸ் மட்டுமா மாறுகிறது? இன்ஜின் சுமக்கும் பாரமும் கூடவே மாறுகிறதே! ஒரே அசைவில் இரண்டு சங்கதி மாறினால், பலன் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? புது மருந்து சாப்பிட்ட அன்றே ஊரும் மாறியவனுக்குத் தலைவலி போனால், மருந்தைப் பாராட்டுவதா, ஊர்க் காற்றைப் பாராட்டுவதா?

அன்று சாயங்காலமே வண்டி தானாக ஒரு துப்புக் கொடுத்தது. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

விட்டுவிட்டு வரும் இந்த ஜெர்க்கை நம்மூர் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். "ஒரு பிளக் மிஸ் அடிக்குது சார்." இதைத் தமிழில் 'எரிதவறல்' என்று வைத்துக்கொள்ளலாம். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து வருகிறது, பிஸ்டன் அதை அமுக்குகிறது, உச்சியில் ஒரு தீப்பொறி விழுகிறது, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பொறி விழவேண்டிய நேரத்தில் விழாவிட்டாலோ, விழுந்தும் பற்றாவிட்டாலோ அந்த ஒரு தள்ளு வராது. அதுதான் எரிதவறல்.

எட்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு நான்கு தள்ளுகள். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25 சுற்று, நூறு தள்ளுகள். அதாவது ஒவ்வொரு நூறில் ஒரு நொடிக்கும் ஒரு சிலிண்டர் தன் முறைக்கு எரிகிறது. இந்த வேகத்தில், எட்டில் எது எப்போதாவது தவறுகிறது என்பதை மனிதக் காது பிரித்துச் சொல்லாது. வண்டிக் கம்ப்யூட்டர் எப்படிச் சொல்கிறது? சிலிண்டருக்குள் அதற்குக் கண் கிடையாது. நெருப்பைப் பார்க்கும் கருவி எதுவும் அங்கே இல்லை.

அது பார்ப்பது நடையை. சைக்கிள் மிதிக்கும் ஒருவருக்கு வலது கணுக்கால் சுளுக்கியிருக்கிறது என்று வையுங்கள். ஆளைப் பார்க்காமல் செயினை மட்டும் உற்றுப் பார்த்தாலே போதும். வலது கால் அமுக்கும் ஒவ்வொரு முறையும் செயின் ஒரு இழை தயங்கும். இன்ஜினில் பிஸ்டன்கள் எல்லாம் சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டின் முனையில் பற்கள் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கிறது. பல வண்டிகளில் அதில் 36 பல்லுக்கு இடம், ஆனால் 35தான் இருக்கும். விடுபட்ட அந்த ஓட்டைப்பல்தான் 'சுற்று இங்கே தொடங்குகிறது' என்பதற்கு அடையாளம். பக்கத்தில் ஒரு காந்த உணரி. ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் மைக்ரோ நொடிக் கணக்கில் குறித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் தள்ளவேண்டிய கட்டத்தில் சக்கரம் வழக்கத்தைவிட மந்தமாக நகர்ந்தால், அந்த முறை யாருடையது என்று பார்த்து அவர் கணக்கில் ஒரு தவறு எழுதிக்கொள்கிறது.

மந்தம் என்றால் எவ்வளவு? பல சமயம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பல் சக்கரத்தை வெட்டிய மெஷினின் சிறு பிசகே அந்த அளவுக்கு இருக்கலாம்! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வண்டியை உருட்டும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போது எந்தச் சிலிண்டரும் தள்ளுவதில்லை. இந்த நிலையில் பற்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் முழுக்கச் சக்கரத்தின் சொந்தக் கோணல்தான். அதை அளந்து மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு எல்லாக் கணக்கிலும் கழித்துவிடும். தராசுத் தட்டு காலியாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளும் மளிகைக்கடைக்காரரின் அதே புத்தி.

இவ்வளவு மெனக்கெட்டது ஓட்டுநரின் சௌகரியத்துக்காக அல்ல, காற்றின் சுத்தத்துக்காக. லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கவிந்த கண்ணெரிச்சல் புகைமூட்டம் வெயிலில் எப்படி உருவாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் சமைந்து ஓசோன் ஆகின்றன என்றார். அதற்குமுன் அன்னாசிப்பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர்! பின்னாளில் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியத்தின் விடாப்பிடியால் வந்த ஏற்பாடுதான் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் 'ஓபிடி 2'. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காருக்கும், சிறு பிக்கப்புக்கும் அது கட்டாயம். எரிதவறினால் பச்சைப் பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகும். அங்கே இருக்கும் வினையூக்கிப் பெட்டியின் பீங்கான் தேன்கூட்டில் அது போய் எரிந்தால், கூடு பழுக்கக் காய்ந்து உருகவும் கூடும். அந்த அளவுக்கு மோசமென்றால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். காய்ந்த புல்வெளியில் வண்டியை நிறுத்தக் கூடாத நேரம் அது.

என் விளக்கு சிமிட்டவில்லை, நிலையாகத்தான் எரிந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொருகியில் ஒரு சிறு கருவியை மாட்டினேன். 'பி0304' என்று காட்டியது. பி03 என்றால் பொறியும் எரிதவறலும் சார்ந்த கோளாறு. கடைசி எண் சிலிண்டர். நான்காம் சிலிண்டர்.

இங்கே ஒரு சனிக்கிழமை வீணான கதையைச் சொல்லியாக வேண்டும். நான்காம் சிலிண்டர் எது? ஒரு கம்பெனி வலப்பக்க வரிசைக்கு முன்னாலிருந்து 1, 2, 3, 4 என்றும் இடப்பக்கத்துக்கு 5 முதல் 8 வரை என்றும் எண் போடும். இன்னொரு கம்பெனி ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை என்று போடும். நான் வேறு கம்பெனியின் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பாவமும் அறியாத சிலிண்டரை நாள் முழுக்க நோண்டிக்கொண்டிருந்தேன். என் வண்டியில் நான்கு என்பது வலப்பக்கக் கடைசி. ஓட்டுநர் அறையின் தகட்டுச் சுவரை ஒட்டி, ஹீட்டர் குழாய்க்குக் கீழே, கை முழுதாக நுழையாத, இன்ஜினிலேயே வெக்கை அதிகமான மூலை. இந்த வெக்கையை நினைவில் வையுங்கள்.

எந்தச் சிலிண்டர் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. ஏன் என்று சொல்லவில்லை. ஒரு சிலிண்டர் எரிய நான்கு வேண்டும்: காற்று, பெட்ரோல், அமுக்கம், பொறி. நான்கில் எது இல்லாவிட்டாலும் சக்கரம் ஒரே மாதிரிதான் தயங்கும்.

கருவியில் இன்னொரு எண்ணும் கண்ணில் பட்டது. அது என்னைச் சரியாக ஏமாற்றப் பார்த்தது. வலப்பக்க வரிசைக்குக் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஊற்றுகிறது என்றால் போதவில்லை என்றுதானே பொருள்? பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்குமோ, இன்ஜெக்டரில் அழுக்கோ என்று புத்தி ஓடியது. ஆனால் பெட்ரோல் போதவில்லை என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அது பெட்ரோலை அளப்பதே இல்லை. புகைக்குழாயில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ஓர் உணரி மோப்பம் பிடிக்கிறது. ஆக்சிஜன் மிச்சம் என்றால் அதைத் தின்னப் பெட்ரோல் பத்தவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டுகிறது. இப்போது, பெட்ரோல் தாராளமாக வந்தும் பொறி விழாத ஒரு சிலிண்டரை எண்ணிப் பாருங்கள். அதிலிருந்து எரியாத பெட்ரோலும் தீண்டாத ஆக்சிஜனும் ஒன்றாகவே வெளியே வரும். உணரிக்கு ஆக்சிஜன் மட்டும்தான் மணக்கும். 'பட்டினி' என்று அது கத்த, கம்ப்யூட்டர் மேலும் ஊற்றும். பந்தியில் சாப்பிடாமல் எழுந்துபோனவரின் இலையைப் பார்த்துவிட்டு, குழம்பு பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் நாலு கரண்டி ஊற்றுகிறவரைப் போல. எரிதவறல் இருக்கும்போது இந்த எண்ணை நம்பிப் பெட்ரோல் பக்கம் ஓடி, ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றிக் காசை விட்டவர்கள் நிறையப் பேர்.

ஆகவே முதல் துப்புக்கே திரும்பினேன். ஏன் மேட்டில் மட்டும்?

இன்ஜினில் எங்காவது காற்று களவாக நுழைந்தால், அதாவது இன்டேக் குழாயில் விரிசல் விட்டால், ஐடிலிங்கில்தான் அதிகம் நொண்டும். குறைந்த காற்று போகும் நேரத்தில்தான் களவுக் காற்று பெரிதாகத் தெரியும். வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்து அமுக்கம் குறைந்தாலும் பெரும்பாலும் ஐடிலிங்கிலேயே காட்டிக்கொடுக்கும். என் வண்டி நேர் எதிர். வாசலில் சாது, மேட்டில் முரடு. பாரம் ஏறும்போது மட்டும் கஷ்டப்படுவது அந்த நான்கில் எது?

பொறிதான். காரணம் 1889இல் ஜெர்மானியர் ஒருவர் வெளியிட்ட சோதனையில் இருக்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் ஹைட்ரஜன் நிறமாலையைப் படித்தவர்களுக்கு 'பாஷன் வரிசை' நினைவிருக்கலாம். அதே ஃபிரீட்ரிக் பாஷன், இளைஞராக இருந்தபோது, வாயுக்களின் அழுத்தத்தை மாற்றி மாற்றி, இரண்டு உலோக முனைகளுக்கு இடையே பொறி தாவ எத்தனை வோல்ட் தேவை என்று அளந்தார். அழுத்தம், இடைவெளி இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டியதில்லை, இரண்டின் பெருக்கல்தான் கணக்கு என்று தெரிந்தது. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினாலும் சரி, இடைவெளியை இரண்டு மடங்காக்கினாலும் சரி, மின்சாரத்துக்கு ஒரே கஷ்டம்தான்.

ஏன் அப்படி? காற்று நல்ல மின்காப்பு. அதில் பொறி தாவ வேண்டுமென்றால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரியும் எலக்ட்ரான் ஒன்று ஓடிவந்து ஒரு மூலக்கூறை மோதி இன்னொரு எலக்ட்ரானைப் பெயர்க்க வேண்டும். இரண்டும் ஓடி நான்கைப் பெயர்க்க வேண்டும். இப்படிப் பல்கிப் பெருகினால்தான் காற்று ஒரு நொடித் துணுக்கு நேரம் கம்பியாக மாறும். இதற்கு 'மின்முறிவு' என்று பெயர். மோதிப் பெயர்க்க வேகம் வேண்டும், வேகத்துக்கு ஓடுதளம் வேண்டும். விடியற்காலை வெறிச்சோடிய ரங்கநாதன் தெருவில் ஒருவன் நன்றாக ஓடிவந்து இடிக்கலாம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம் அதே தெருவில் ஓரடி வைப்பதற்குள் யாராவது மேல் முட்டிக்கொள்வான், வேகமே எடுக்காது. அந்த நெரிசலிலும் ஒருவனை வேகமெடுக்க வைக்க வேண்டுமானால் பின்னாலிருந்து பயங்கரமாகத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளுதான் வோல்ட். (மூலக்கூறுகள் மிகமிகக் குறைந்து தெருவில் ஆளே இல்லாமல் போனாலும் பொறி தாவாது, இடிக்க ஆள் வேண்டுமே! பாஷன் அதையும் கண்டார். நம் வண்டி நெரிசல் பக்கத்தில் இருக்கிறது.)

சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாவ மூவாயிரம், நாலாயிரம் வோல்ட் ஆகும். அடுப்படி லைட்டரில் 'டிக்'கென்று தாவுவது இந்த ரகம். இன்ஜினுக்குள் காற்று சாதாரணமாக இல்லை. ஐடிலிங்கில், ஆக்சிலரேட்டர் திறக்கும் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே போவது வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தமுள்ள காற்றுதான். பிஸ்டன் அதை எவ்வளவு அமுக்கினாலும் நெரிசல் மிதமானதே. எட்டாயிரம், பத்தாயிரம் வோல்ட்டில் பொறி விழுந்துவிடும். டாப் கியரில், குறைந்த சுற்றில், மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு தள்ளும் பலமாக இருக்க வேண்டும். கதவு நன்றாகத் திறந்திருக்கும், சிலிண்டர் நிறையக் காற்று புகும், அமுக்கிய பிறகு நெரிசல் இரண்டு மூன்று மடங்கு. பொறிக்கு இருபதாயிரத்துக்கும் மேலே வோல்ட் தேவை. ஒரு கியர் இறக்கினால்? அதே வேலையை அதிகச் சுற்றுகள் பங்கிட்டுக்கொள்ளும், ஒவ்வொரு தள்ளும் லேசாகும், சிலிண்டர் நெரிசலும் குறையும். கியர்பாக்ஸ் நிரபராதி!

இருபதாயிரம் வோல்ட் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எப்படி வருகிறது? ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் 'டொக்'கென்று அதிரும் அல்லவா? காயிலில் ஓடும் கரண்ட்டைச் சட்டென்று வெட்டினால், அது எழுப்பியிருந்த காந்தப்புலம் சரிந்து, சில நூறு வோல்ட் உதை கிளம்பும். பக்கத்தில் அதைப்போல் நூறு மடங்கு சுற்றுள்ள மெல்லிய கம்பிச் சுருள் இருந்தால், அதில் அந்த உதை நூறு மடங்காகும். 1910 வாக்கில் சார்லஸ் கெட்டரிங் கார்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டின் சாரம் இன்றும் இதேதான். அன்று எல்லாச் சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு காயில், என் வண்டியில் சிலிண்டருக்கு ஒன்று. ஒவ்வொரு பிளக்கும் இன்ஜினின் அலுமினியத் தலையில் கிணறு மாதிரியான ஆழக் குழிக்குள் இருக்கிறது. மேலே காயில், நடுவில் விரல் நீளத்தில் ஒரு ரப்பர் உறை, உள்ளே ஸ்பிரிங், அடியில் பிளக். உறைக்குப் பட்டறைப் பேர் 'பூட்'.

இனி ஒரு வயலுக்குப் போவோம். நான்கு பக்கமும் வரப்பு, ஒரு மூலையில் வாமடை. வரப்பில் பாதி உயரத்தில் ஒரு நண்டு வளை. வாமடையில் மண் தாழ்வாக இருக்கும்வரை, பாயும் தண்ணீர் கொஞ்சம் ஏறியதுமே மடை வழியே வழிந்துவிடும். நண்டு வளை இருப்பதே யாருக்கும் தெரியாது. வாமடையில் இன்னும் நாலு கூடை மண்ணைப் போட்டு உயர்த்துங்கள். தண்ணீர் மேலே ஏறும், மடையின் விளிம்பை எட்டும் முன்பே வளையை எட்டும், அந்தப் பக்கமாக ஓடிப்போகும். காயிலின் வோல்ட் இந்தத் தண்ணீர் மட்டம். தாவ ஒரு வழி கிடைக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். பிளக்கின் இடைவெளி வாமடை. மேடு ஏறும்போது சிலிண்டர் நெரிசல் அந்த மடையின் மண்ணை உயர்த்துகிறது. பூட்டில் எங்காவது ஒரு பொத்தல் இருந்தால் அது நண்டு வளை. பொறி அதன் வழியாகக் கிணற்றுச் சுவருக்குத் தாவிவிடும். தவறாமல் விழும், ஆனால் சிலிண்டருக்கு வெளியே.

மீட்டர் வைத்துக் காயிலைச் சோதித்தேன். எல்லாம் சரி என்றது. சொல்லாமல் என்ன செய்யும்? மீட்டர் கொடுப்பது சில வோல்ட். வயலில் விரற்கடைத் தண்ணீர் விட்டு நண்டு வளை தேடுவது மாதிரி அது.

ஊகம் அழகாக இருக்கிறது என்பதற்காக உண்மையாகிவிடாது. நான்காம் சிலிண்டரில் மூன்று சந்தேகங்கள்: பூட்டோடு சேர்ந்த காயில், பிளக், மற்றவை எல்லாம் (இன்ஜெக்டர், வால்வு, வளையம்). ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி மூன்று முறை மலைநாடு போய்வரத் தேவையில்லை. இன்ஜின் முழுக்க ஆறியபின், சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வரும் என்பதால், நான்காம் சிலிண்டரின் காயிலைப் பூட்டோடு கழற்றி இரண்டாவதற்கு மாட்டினேன். இரண்டின் காயில் நான்குக்கு. நான்கின் பிளக்கை மூன்றுக்கு, மூன்றின் பிளக்கை நான்குக்கு. இன்ஜெக்டரைத் தொடவில்லை. நினைவிலிருந்த கோளாறு எண்ணை அழித்துவிட்டு மேட்டுக்குப் போனேன். இப்போது வண்டியே விடை சொல்லும்: பி0302 வந்தால் காயில் பக்கம், பி0303 என்றால் பிளக், மறுபடி பி0304 என்றால் இடம் மாறாத ஏதோ ஒன்று. வீட்டில் பால் திரிகிறது என்றால் பாத்திரத்தை அடுத்த வீட்டுக்கும் பாலை எதிர் வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, எந்த வீட்டிலிருந்து சத்தம் வருகிறது என்று கேட்பது போன்ற வேலை.

ஜெர்க் முன்போலவே வந்தது. சாலையோரம் நிறுத்திக் கருவியை மாட்டினேன்: பி0302.

இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு கோளாறைப் பார்த்ததில்லை. வியாதி காயிலோடு கூடவே நடந்துபோயிருந்தது. பூட் மட்டும் தனியாகக் கிடைக்கும், விலையும் அற்பம். புது பூட்டை அதே பழைய காயிலில் மாட்டி மறுபடி ஏறினேன். ஜெர்க் இல்லை, எண் இல்லை. ஆக, காயிலும் நல்லது, பூட்தான்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எட்டு பிளக்குகளையும் கழற்றி ஒரு பழைய துணியில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எட்டுமே வெளிர் பழுப்பு நிறம், நன்றாக எரிந்ததற்கு அடையாளம். கரி இல்லை, ஈரம் இல்லை. ஆனால் முனைகள் மழுங்கியிருந்தன. இடைவெளியை அளந்தேன். 1.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டியது 1.9. ஒவ்வொரு பொறியும் உலோகத்தை ஒரு துணுக்குத் தின்றுவிட்டுத்தான் போகும். பாஷனின் பெருக்கலில் ஒரு பக்கம் மேடு அழுத்தத்தை ஏற்றியது, மறுபக்கம் வருடங்கள் இடைவெளியை ஏற்றியிருந்தன.

அப்படியானால்? பொத்தல் பூட்டைத் திரும்ப மாட்டி, புது பிளக் போட்டு அதே மேட்டில் ஏறினேன். சத்தமே இல்லை. பழைய பிளக், புது பூட்: முன்பே பார்த்தோம், அதிலும் இல்லை. பழையதும் பழையதும் சேர்ந்தால் மட்டும் ஜெர்க். புது பிளக் வாமடையின் மண்ணை வெட்டி இறக்கிவிடுகிறது, தண்ணீர் வளையை எட்டுவதே இல்லை. முதல் நாளே எட்டு பிளக்கையும் மாற்றியிருந்தால் வண்டி குணமாகியிருக்கும். பிளக்தான் குற்றவாளி என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். பிளக் தேயத் தேய, ஒரு நாள் அதே மேட்டில் அதே ஜெர்க் திரும்பியிருக்கும். பிளக் மாற்றியும் போகவில்லை என்று அப்போது கியர்பாக்ஸ் பட்டறைக்கே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

எட்டு பிளக்கும் எட்டு பூட்டும் புதிதாகப் போட்டேன். பழைய நான்காம் பூட்டை பிளேடால் நீளவாக்கில் கீறித் திறந்தேன். மற்ற ஏழும் வளைத்தால் வளைந்தன. இது வெக்கையில் வெந்து அப்பளம்போல் மொறுமொறுத்துப் போயிருந்தது. அடியிலிருந்து ஒரு கட்டைவிரல் உயரத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு புள்ளி. கடுகைவிடச் சிறியது, ஓரம் மட்டும் சாம்பல் நிறத்தில் கருகியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் எங்கள் வீட்டு வாசற்கதவின் பச்சை தெரிந்தது.